நூற்றிருபத்தோர் அடி

கோல்ப் ஆட்டத்தைப் பற்றி இலக்கியப் பக்கமொன்றில் எழுதப் புகுந்தமை அன்பர் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அது செல்வர் ஆடும் ஆட்டம் என்பது நம்மவர் எண்ணம். கொழும்பிலிருந்து அவிசாவளைக்குச் செல்லும் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் றோயல் கொழும்புக் கோல்ப் கழகத்தின் புற்றரையை ஊடறுத்துச் செல்வது. அவ்வழியிற் பயணஞ் செய்தோர் கோலேந்திய சிலரைச் சாளரத்தினூடே கண்டிருப்பர். நம்மிற் பெரும்பாலார்க்கும் அவ்வாட்டத்துக்கும் உள்ள தொடர்பு அச்சாளரத்தின் அளவினதே. ஆயினும், ஆட்டத்தின் நுட்பங்களை விரித்துரைத்தல் என் கருத்தன்று. 1976ஆம் ஆண்டிலே இங்கிலாந்து தேசத்தில் நடைபெற்ற தேர்வாட்டமொன்றிற் கலந்துகொண்ட ஒருவர் பெற்ற அனுபவத்தையே ஈண்டு எடுத்துக் கூற விழைகின்றேன். பரீட்சை எழுதுவோரும், எழுதுவிப்போரும், எழுதியதைத் திருத்துவோரும் ஓய்வாக இருந்து எண்ணிப் பார்க்கத்தக்க பொருள் அதிலே நிரம்ப உண்டு.

ஆட்டத்தின் விதியை மட்டும் முதலிற் சுருங்கச் சொல்லிவிடுதல் நன்று. சிறு பந்தொன்றைக் கோலால் அடித்து அடித்துச் சென்று, சில நூறு யார் தொலைவிலுள்ள குழியில் வீழ்த்தல் வேண்டும். இவ்வாறு பதினெட்டுக் குழிகள். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி போதும் என்று வரையறுத்துள்ள நியமத்தைப் 'பார்' என்பர். குறைந்த அடியில் முடித்தவரே வென்றவர். ஏழு சீரில் ஒரு பொருளை முடித்துவைத்த புலவனைப் போற்றும் மரபினராகிய நமக்கு இவ்விதி அத்துணைப் புதிதன்று. கிரிக்கெற்றிற் போலப் பந்தெறிவோரும் தடுப்போரும் இங்கில்லை. காற்றும், மணலும், புல்லும், தன் கையுமே ஒருவனுக்குப் பகை. ஆதலால் தோல்விக்குப் பிறரைக் காரணங் காட்டுதல் இவ்வாட்டத்தில் மிக அரிது. ஒவ்வோரடியும் எண்ணப்படும், உடன் ஆடுபவர் அதனைச் சீட்டிற் பதிவர், ஈற்றில் ஆடியவர் அச்சீட்டிற் கையொப்பமிடல் வேண்டும்.

இனி, பிரித்தானியத் திறந்த போட்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1860ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திலே பிறெஸ்ற்விக் என்னுமிடத்தில் அது தொடங்கிற்று. அன்று ஆடியவர் எண்மர். எண்மரும் தொழின்முறை ஆட்டக்காரர். அக்காலத்திலே தொழின்முறை ஆட்டக்காரர் எனப்பட்டோர் கோல் செய்வோரும், பந்து செய்வோரும், புற்றரை காப்போரும், கனவான்களின் கோல்களைச் சுமந்து செல்வோருமேயாவர். கனவான்களோ பொழுதுபோக்காக ஆடுபவர். அவரை 'அமெச்சூர்' என்பர். அடுத்த ஆண்டு, அதாவது 1861இல், பிறெஸ்ற்விக் கழகத்தார் போட்டியை உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டதாக அறிவித்தனர். 'திறந்த' என்னும் அடைமொழி அவ்வாறு வந்தது. முதலாண்டுப் போட்டியிலேயே ஒருவர் ஒரே குழிக்கு 21 அடி அடித்தார் என்பது பதிவிலுள்ள செய்தி. திறந்த வாயிலின் வழியே வருவோர் எல்லோரும் வில்லாளராய் இருப்பதில்லை என்பது அன்றே தெரிந்ததுதான்.

காலஞ் செல்லச் செல்ல ஆட வருவோர் தொகை பெருகிற்று. ஆகவே, புகழ் பெற்ற சிலரை நேரே அழைத்துக்கொண்டு, ஏனையோரைத் தேர்வாட்டத்துக்கு அனுப்பும் முறை ஏற்பட்டது. தேர்வாட்டத்துக்கு வருவோர் பெரும்பாலும் பெயர் அறியப்படாதவர்கள். சிறு கழகங்களிலே பிறர்க்கு ஆட்டம் பயிற்றி வயிறு வளர்ப்போர், இளைஞர், முன்னொரு காலத்திற் சிறந்திருந்து இப்பொழுது மங்கியோர் என இவர் பல திறத்தினர். ஓரடி கூடினால் ஓராண்டுக் காத்திருப்பு. பெரும்போட்டியின் இறுதி நாளில் வெல்பவன் முகத்தைப் படம் பிடிக்கப் பலர் இருப்பர். தேர்வாட்டத்தில் ஓரடியால் தவறியவன் தன் கோற்பையைத் தானே தூக்கிச் செல்வதைப் பார்ப்பவர் எவருமிலர். அமெரிக்காவில் 1965இல் தொழின்முறை ஆட்டக்காரருக்கென முதன்முதல் நடந்த தகுதிப் பரீட்சையில் 17 பேருக்கே ஆடும் உரிமைச்சீட்டுக் கிடைத்தது. பிற்காலத்திற் பல ஆண்டுகள் அப்பரீட்சையின் இறுதிக்கட்டம் ஆறு நாள்களில் 108 குழிகள் ஆடுவதாக இருந்தது. அதனை அங்குள்ளோர் 'பள்ளிக்கூடம்' என்றே வழங்குகின்றனர். பெயர் பொருத்தமானதே.

இத்தகைய தேர்வாட்டமொன்றுக்கு 1976இல் வந்தவர்தாம் மொறிஸ் பிளிட்குறொப்ட். 1929இல் மான்செஸ்டரிற் பிறந்த இவர், வாழ்ந்தது பறோ-இன்-பேர்னெஸ் என்னும் துறைமுகப்பட்டினத்தில். அது கப்பல் கட்டும் ஊர். விக்கேர்ஸ் கப்பல் கட்டுந் துறையிலே பாரந்தூக்கி இயக்கும் தொழிலாளியாக இவர் இருந்தார். அதற்கு முன்னர் ஊரூராய்ச் சென்று வேடிக்கை காட்டும் குழுவொன்றிலே உயரத்திலிருந்து நீரிற் குதிப்பவராயும் இருந்தவர். கீழே உள்ளவர்கள் நகைப்பதும் வியப்பதும் இவருக்குப் பழகிய ஒன்று என்பதனை நாம் மறத்தலாகாது. பின்வரும் நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு அது விளக்கந் தருவது.

1974இல் தொலைக்காட்சியிலே கோல்ப் போட்டியொன்றைக் கண்டார். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து வயதில் அவருக்கு அவ்வாட்டத்தின்மேற் காதல் உண்டாயிற்று. தபால் மூலம் அரைத்தொகுதிக் கோல்களைத் தருவித்துக்கொண்டார். ஊர் நூல்நிலையத்திலே பீற்றர் அலிஸ் என்பவர் எழுதிய பயிற்சி நூலை எடுத்துப் படித்தார். அமெரிக்க ஆட்டக்காரர் அல் கைபேர்கர் எழுதிய கட்டுரைகளையும் படித்தார். கடற்கரை மணலிலே தனியே நின்று பந்தடித்துப் பயின்றார். நூல் உண்டு, மணல் உண்டு, முயற்சியும் உண்டு. இல்லாதது ஒன்றே: "உன் கை வளைகின்றது" என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழியை இவர்மேல் எறிந்துவிட்டுப் போதல் எளிது. ஆனால் அச்சுரைக்காயை ஏட்டிலன்றி வேறெங்கும் இவர் காண வழியிருந்ததா என்பதையும் கேட்டல் வேண்டும். கழகங்களில் அங்கத்தவராவதற்குப் பணமும் வேண்டும், பரிந்துரைப்பாரும் வேண்டும். பாரந்தூக்கி இயக்குபவருக்கு இவ்விரண்டும் எளிதிற் கைகூடுவனவல்ல.

இரண்டாண்டு கழிந்தபின், திறந்த போட்டியில் ஆடுவதென்று துணிந்தார். விண்ணப்பப் பத்திரத்தை வரவழைத்தார். இவ்விடத்திலேதான் கதையின் முடிச்சு உள்ளது. அமெச்சூராக ஆட விரும்புவோர் 'ஹண்டிகப்' என்னும் திறமைக் கணக்கை எழுத்திற் காட்டல் வேண்டும். அக்கணக்கைக் கொடுப்பது கழகம். கழகத்தைச் சேராதவருக்கு அது கிடையாது. தொழின்முறை ஆட்டக்காரராக விண்ணப்பிப்பவரிடமோ எவரும் எதையுங் கேட்கவில்லை. அப்பெயருக்கெதிரே அடையாளமிட்டாற் போதும். பிளிட்குறொப்ட் 'தொழின்முறை ஆட்டக்காரர்' என்று பதிந்து அனுப்பினார். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சொற்களோடு வாழ்பவன் என்ற முறையில் இதனைச் சிறிது நின்று நோக்க விரும்புகின்றேன். 1860இல் 'தொழின்முறை' என்ற சொல் கையால் உழைத்துக் கூலி பெறுபவன் என்ற தாழ்வைக் குறித்தது. நூறாண்டிலே அது தலைகீழாகி, ஐயத்துக்கிடமில்லாத் திறமையைக் குறிக்கும் சொல்லாயிற்று. சொல்லின் பொருள் உயர்ந்தது. வாயிற்காவலோ பழையபடியே இருந்தது. பொழுதுபோக்குக்கு ஆடுபவன் தன்னை மெய்ப்பிக்க வேண்டும், பிழைப்புக்கு ஆடுபவனைச் சொல்லளவில் நம்பிவிடலாம் என்று விதியமைத்தோர், அப்படியொரு பொய்யை எவனும் சொல்லத் துணியான் என்று எண்ணினர் போலும். அது பொய்தான், அதிற் சந்தேகமில்லை. அவருடைய பிழைப்பு கோல்பினால் நடந்ததன்று. ஆயினும், மெய்யைச் சொல்லி உள்ளே நுழைய அவருக்கு ஒரு வழியும் இருந்ததில்லை என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற்கொள்ளாது இவரைப் பழிப்போரும் புகழ்வோரும் பாதிக்கதையையே சொல்கின்றனர்.

அவ்வாண்டுப் பெரும்போட்டி சவுத்போட் நகரத்தை அடுத்த றோயல் பேர்க்டேல் மைதானத்தில் நடப்பதாயிருந்தது. தேர்வாட்டங்கள் அதன் சுற்றுப்புறத்து மைதானங்களில் நடந்தன. அவற்றுள் போம்பி ஒன்று. மணல்மேடுகளும் பைன் மரங்களும் சூழ்ந்த கடற்கரை நிலம் அது. அதன் நியமம் 72 அடி. மழையின்றி நாடே வறண்டு வெந்த வேனிற்காலம் அது. இங்கிலாந்து மக்கள் இன்றும் 1976ஆம் ஆண்டின் கோடையை நினைவு கூர்வர். அக்கோடையின் ஜூலை மாதத்திலே, நாற்பத்தாறு வயதினராகிய பிளிட்குறொப்ட், மெய்யான தொழின்முறை ஆட்டக்காரர் இருவருடன் முதற்குழியின் தொடக்கத்தில் வந்து நின்றார்.

முதலடியை அவருடன் ஆடிய ஒருவர் பின்னர் விவரித்துள்ளார். கோலைக் கொலைக்கருவி போலப் பற்றி, நேரே மேலே உயர்த்தி, நேரே கீழே இறக்கினாராம். பந்து நான்கடித் தூரம் சென்றது. தமிழிலே 'அடி' என்பது அடித்தலையும் குறிக்கும், அளவையும் குறிக்கும், பாவின் வரியையுங் குறிக்கும். ஓரடிக்கு நான்கடி என்பது ஆசிரியப்பாவிற்கு இழுக்காகாது எனினும் கோல்ப் ஆட்டத்துக்குப் பேரிழுக்கு. நடுக்கத்தினால் நேர்ந்தது போலும் என்று உடனாடியவர்கள் முதலிற் கருதினர். அடுத்த அடியும் கோணிச் சென்றபொழுது அவர்கள் அதிகாரிகளை அழைத்தனர். அதிகாரிகள் வந்தனர், பார்த்தனர். ஆனால் விதிநூலில் அவர்களுக்கு உதவக்கூடிய விதியொன்றும் இல்லை. பொய்க்கணக்கு எழுதினால் விலக்கலாம். பந்தை மாற்றி வைத்தால் தண்டிக்கலாம். மோசமாக ஆடுகின்றார் என்பதற்காக ஆடிக்கொண்டிருப்பவரை வெளியேற்ற எவ்விதியும் இடந்தரவில்லை. பரீட்சை மண்டபத்தில், "நீ தேறமாட்டாய், எழுந்து போ" என்று மேற்பார்வையாளர் சொல்லுதற்கு அதிகாரம் உண்டா? அதுபோலத்தான்.

ஆகவே ஆட்டம் தொடர்ந்தது. பதினெட்டுக் குழிகளையும் அவர் ஆடி முடித்தார். முதல் ஒன்பது குழிகளுக்கு 61 அடி. பின் ஒன்பது குழிகளுக்கு 60 அடி. மொத்தம் 121, நியமத்திலும் 49 அடி மிகுதி. திறந்த போட்டியின் வரலாற்றிலே தம்மைத் தொழின்முறை ஆட்டக்காரர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் ஒரு சுற்றிற் பெற்ற மிகப் பெரிய எண் இதுவே என்பர். பிற்பகுதியில் ஓரடி குறைந்திருக்கின்றமையைக் காணும்போது, மாணவர் முன்னேற்ற அறிக்கையிலே குறிப்பெழுதிப் பழகிய என் கை, 'சிறிது முன்னேற்றம் உண்டு' என்று எழுதவே அவாவுகின்றது.

நகைப்பு ஒருபுறம் நிற்க. அந்நாளின் நெடும்பொழுதை நாம் மனத்தில் வைத்து நோக்குதல் வேண்டும். முதலடியிலேயே எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. அதிகாரிகள் வந்து நின்று பார்த்துவிட்டனர். உடனாடும் இருவர் முகமும் கறுத்துவிட்டது. அதன்பின்னும் நூற்றுக்கு மேற்பட்ட அடிகள் இருக்கின்றன. வெயிலோ கொடிது. தன் பந்து எங்கே போயிற்று என்று மணல்மேட்டிலே தேடல் வேண்டும். மற்றையோர் அதுவரை காத்து நிற்பர். வெட்கம் மிக்கவன் மூன்றாங்குழியிலே வயிற்றுவலி என்று சொல்லி விலகியிருப்பான். இவர் விலகவில்லை. அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தவர் நம் வள்ளுவர்; ஆனால் அவ்வஞ்சாமை கற்றவனுக்கு உரியதாகவே நம் நூல்கள் பேசும். கல்லாதவனுடைய அஞ்சாமைக்கு நாம் வேறு பெயர் வைத்திருக்கின்றோம். பிளிட்குறொப்டின் அஞ்சாமை எவ்வகையினது என்று துணிந்து கூற என்னால் இயலவில்லை. இரண்டாண்டு மணலிலே உழைத்தவரைக் கல்லாதவர் என்று முற்றாகத் தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர் சூழ்ந்தனர். அந்த எண் தமது ஆட்டத்தைச் சரியாகக் காட்டுவதன்று என்று அவர் கூறினார். தமக்கு மிகவும் கைவந்த மரக்கோலொன்றை மோட்டார் வண்டியிலே விட்டுவிட்டு வந்தமையும், முதுகுநோவும் காரணங்கள் என்றார். வேறொருவர் பறோவிலுள்ள அவருடைய தாயாரைத் தொலைபேசியில் அழைத்தாராம். அவ்வம்மையார், மகன் வென்றுவிட்டானா என்று வினவினார். மிகப் பெரிய எண் பெற்றான் என்று கேட்டதும், எவரும் எங்கேனும் தொடங்கத்தானே வேண்டும் என்றார். தாய்மார் எந்நாட்டிலும் ஒரே மொழிதான் பேசுவர்.

நாடு நகைத்தது, பிளிட்குறொப்ட் ஒரே நாளிற் பெயர் பெற்றார். சிறியோன் ஒருவன் பெரியோரின் கோட்டைக்குள் நுழைந்து வந்துவிட்டான் என்ற மகிழ்ச்சியே எங்கும் மிகுந்திருந்தது. அம்மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் உடனாடிய இருவரை இவ்வளவில் மறந்துவிடுதல் நீதியாகாது. அவர்களும் புகழற்றவர்களே, அவர்களும் ஓராண்டு காத்திருந்து வந்தவர்களே. மனவொருமை கலைந்தால் கை தவறும் ஆட்டத்தில், நாள் முழுவதும் அவர்கள் பட்ட பாட்டுக்கு யார் ஈடு செய்வது? அவர்களுடைய நுழைவுக் கட்டணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இழந்த நாளைத் திருப்பிக் கொடுக்கக் கழகத்தாராலும் முடியாது. அந்நேரத்தில் தமக்கு நகைப்பு வரவில்லை என்று அவர்களுள் ஒருவர் பின்னாளிற் சொன்னதை நான் நம்புகின்றேன். கோட்டைக்குள் நுழைந்தவரின் கால் பட்டது பிரபுக்கள் மேலன்று. தம்மைப் போன்ற பாட்டாளிகள் இருவர் மேலேயே.

இவர் முதல்வருமல்லர். பதினோராண்டு முன்னர், 1965இல், அமெரிக்காவின் மில்வோக்கி நகரத்துத் தபாற் சேவையில் இருந்த வோல்ற்றர் டனெக்கி என்பவர் இதே வழியில் வந்தார். அவரும் தம்மைத் தொழின்முறை ஆட்டக்காரர் என்று எழுதியவரே. சவுத்போட் பக்கத்து ஹில்சைட் மைதானத்திலே முதனாள் 108 அடி. இனி வாரார் என்று எல்லோரும் எண்ணியிருக்க, மறுநாளும் வந்து 113 அடி அடித்தார். இரண்டு நாளுக்கும் 221. அக்காலத்துப் பிரித்தானியப் பந்து அமெரிக்கப் பந்திலுஞ் சிறிது. அச்சிறு பந்து அந்நிலத்துக்கு ஏற்றது என்றும், பெரிய பந்தாயிருந்தால் தாம் திசைகெட்டு அலைந்திருக்கக்கூடும் என்றும் அவர் மனநிறைவோடு சொன்னார். டனெக்கிக்குப் பின்னும் வாயிலிலே பூட்டுப் போடாமல் விட்டமை கழகத்தாரின் அசட்டை என்றே சொல்லல் வேண்டும். நிகழ்ந்த பிழை ஒன்று ஒருமுறை நகைப்பாயும் மறுமுறை அவமானமாயும் தோன்றியது.

1976ஆம் ஆண்டுப் போட்டியைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விடல் இயலாது. போம்பியில் நடந்ததன் பின் சில நாளில் றோயல் பேர்க்டேலிற் பெரும்போட்டி தொடங்கிற்று. அங்கே உலகை வியக்க வைத்தவன் பத்தொன்பது வயதுடைய ஸ்பானிய இளைஞன், செவெரியானோ பாலெஸ்தெறோஸ். அமெரிக்கர் ஜோனி மில்லர் 279 அடியில் வெற்றி பெற, பாலெஸ்தெறோஸ் பேர்பெற்ற ஜக் நிக்லஸோடு சமமாக இரண்டாமிடத்தில் நின்றான். பெட்றேனியா என்னும் கடற்கரையூரிலே பிறந்த இவ்விளைஞன் சிறுவனாயிருந்தபோது பழைய இரும்புக்கோல் ஒன்றே அவனுக்குக் கிடைத்தது. அவ்வொரு கோலை வைத்துக்கொண்டு மணலிலே பந்தடித்துப் பயின்றான். செல்வர் மைதானத்திலே பிறருடைய கோல்களைச் சுமந்தான்.

இருவருக்கும் மணலே கல்லூரி. ஒருவனுக்குக் கோல் ஒன்று; மற்றவருக்கு அரைத்தொகுதி. அப்படியாயின் வேற்றுமை எங்கே பிறந்தது? வயது என்பர், இயற்கையறிவு என்பர். இரண்டும் மெய். ஆயினும் ஆசிரியத் தொழிலிற் காலங் கழித்தவனுக்கு மூன்றாவதொன்றும் கண்ணிற் படுகின்றது. பாலெஸ்தெறோஸின் தமையன்மாரும் கோல்ப் ஆட்டக்காரர். மாமன் ஒருவர் தேர்ந்த தொழின்முறை ஆட்டக்காரர். நல்ல அடி எவ்வாறிருக்கும் என்பதனை அச்சிறுவன் நாடோறும் கண்ணாரக் கண்டான். தன் அடியை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டான். பிளிட்குறொப்டுக்கு அக்கண்ணாடி வாய்க்கவில்லை. கடற்கரையிலே குழியில்லை, நியமமில்லை, எண்ணுபவர் இல்லை. அங்கே எவ்வடியும் நல்லடியாகவே தோன்றக்கூடும். தம் திறமையின் அளவை முதன்முதலாக அவர் அறியப் புகுந்தது போம்பியில், நாடு பார்த்துக்கொண்டிருக்கையில்.

நம் நாட்டிலும் தேர்வுகளுக்குப் படிகள் வகுத்த பெரியோர் இதனை நன்கறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தார் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் பரீட்சைகளை அடுக்கியமைத்தது மாணவனைத் தடுப்பதற்காகவன்று. ஒவ்வொரு படியிலும் தன்னைத் தானே அளந்து பார்க்க அவனுக்கு ஓர் இடந் தருவதற்காகவே. விடைத்தாள் திருத்துங் காலத்து, வினாவிலக்கங்களை மட்டும் அழகுற எழுதி வெறுமையாய் விட்ட தாள்களையும் கண்டிருக்கின்றேன்; வினாவுக்குச் சற்றும் பொருந்தாமற் பன்னிரண்டு பக்கம் எழுதி நிரப்பிய தாள்களையும் கண்டிருக்கின்றேன். இரண்டுக்கும் புள்ளி ஒன்றே. ஆனால் பின்னையதைத் திருத்துகையில் எழுதுகோல் சற்றே தயங்கும். அப்பன்னிரண்டு பக்கத்துக்குப் பின்னால் யாரும் வழிகாட்டாத ஓர் உழைப்பு உண்டென்பது திருத்துபவனுக்குத் தெரியும். அத்தயக்கத்தினாற் புள்ளி கூடுவதில்லை, கூடவுங் கூடாது.

போட்டியை நடத்திய சென் அன்றூஸ் றோயல் அன் ஏன்சியன்ற் கழகத்துக்கு அப்பொழுது செயலாளராயிருந்தவர் கீத் மக்கென்சி. அவர் கடுஞ்சினங் கொண்டார். பிளிட்குறொப்ட் இனிமேல் ஆடலாகாது என்று கடிதம் சென்றது. விதிகளும் இறுக்கப்பட்டன. விதியை இறுக்கியது சரியே. டனெக்கி காலத்திலேயே செய்திருக்க வேண்டியது. ஆனால் கழகத்தார் அவரை விலக்கினரேயன்றி, கழகமில்லாத ஒருவன் தன் திறமையை எங்கே சென்று மெய்ப்பிப்பது என்ற வினாவுக்கு விடை கூறினாரல்லர். பிளிட்குறொப்டும் சும்மா இருந்தாரல்லர். 1978இல் அமெரிக்கர் ஒருவரின் பெயர் போன்றதொரு பொய்ப்பெயரில் சவுத் ஹேட்ஸ் மைதானத்துத் தேர்வாட்டத்துக்கு வந்து, சில குழிகள் ஆடியபின் வெளியேற்றப்பட்டார். 1983இல் ஜெரால்ட் ஹொப்பி என்னும் சுவிற்சர்லாந்துத் தேசத்தவராகப் பிளெசிங்ரன் மைதானத்தில் தோன்றி, ஒன்பது குழிகளுக்கு 63 அடி அடித்த அளவிற் பிடிபட்டார். பெயரை மறைக்கலாம், நடையை மறைத்தல் எளிதன்று. பெயரில்லாத ஏட்டுச் சுவடியைக் கண்டு, நடையைக் கொண்டே ஆசிரியரை உணரும் பதிப்பாசிரியர்க்கு இது விளங்கும்.

இவ்வேடங்களைப் பற்றி எனக்கு முன்போல இரக்கம் எழவில்லை. முதன்முறை வேறு வழியின்றிச் சொன்ன பொய். பின்னையவை கைதட்டலுக்காகச் சொன்னவையோ என்ற ஐயம் உண்டு. உயரத்திலிருந்து நீரிற் குதித்துக் காட்டிய பழைய வேடிக்கைக்காரர் உள்ளே விழித்துக்கொண்டார் போலும். அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலத்துப் பிளைத்பீல்ட் கழகத்தார் தங்கள் ஆண்டுப் போட்டியொன்றுக்கு இவர் பெயரையே சூட்டி, 1988இல் இவரை விருந்தினராகவும் அழைத்தனர். தாய்நாட்டுக் கழகங்கள் கதவடைத்த ஒருவருக்குக் கடல் கடந்த கழகமொன்று மாலையிட்டது. 2007இல் அவர் காலமானார். அதன்பின் 2010இல் அவர் வரலாறு நூலாயிற்று. 2021இல் மார்க் றைலன்ஸ் என்னும் நடிகர் அவர் வேடம் பூண்ட திரைப்படமும் வெளிவந்தது. அந்த ஆண்டு போம்பியிலே தேர்வாட்டத்துக்கு வந்து ஒழுங்காக ஆடி ஓரடியாற் றவறியவர்கள் எவராவது இருந்தால், அவர்கள் பெயர் இன்று எவர் நாவிலும் இல்லை.

கடைசி முயற்சி 1990இல். அப்பொழுது அவருக்கு வயது அறுபது. ஜேம்ஸ் போ ஜொலி என்று பெயரை மாற்றிக்கொண்டு ஓம்ஸ்கேர்க் மைதானத்துத் தேர்வாட்டத்தில் ஆடினார். முதற்குழியை நியமத்திலும் இரண்டடி மிகையாக முடித்தார். இரண்டாங்குழியில் ஓரடியே மிகை. அவர் ஆட்டத்தை அறிந்தவர்க்கு இது பெருவியப்பு. மூன்றாங்குழியிலே நியமத்தோடு ஒக்க முடிக்கும் நிலையில் தாம் நின்றதாக அவரே பின்னர்ச் சொன்னார். அப்பொழுது புற்றரைமேல் சிறு வண்டியொன்று விரைந்து வந்தது. கழகத்து அதிகாரிகள் அதிலிருந்து இறங்கினர்.